நேசையாவுக்கு ஒரு மூடி ஜம்ஜம்

பொய்யாக அழுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று மகள் வந்து கேட்டபோது ஹமீது பீவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நெசமா அழுதப்பவே எவனும் கேக்கல. பொய்யா அழுதா கேப்பானா?"

ஷம்ஸியா சிரிக்கவில்லை. அவள் சிரித்து ஒரு வாரம் ஆகிறது.

போன வாரம் நடந்தது மேலப்பாளையத்தில் அவர்கள் தெரு முழுக்கத் தெரியும். உம்மா பீடி சுற்றியும் வாப்பா நயினார்குளம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியும் படிக்கவைத்த பெண். பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர். அன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருத்தரின் பெண்டாட்டி, ஷம்ஸியாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கதறினாள். ஷம்ஸியா கையை விடுவிக்கவும் இல்லை, நோயாளியைத் தொடவும் இல்லை. நட்டுவைத்த கம்பு மாதிரி நின்றாள். கூட வேலை பார்க்கும் சுஜின் ஓடிவந்து பார்த்ததில் அந்த ஆள் பிழைத்து, இட்லி தின்று, வீட்டுக்கும் போய்விட்டார்.

ஷம்ஸியாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"மாசக் கடைசியோட அவசரப் பிரிவ விட்டுருதேன் உம்மா. தோல் டாக்டராப் போறேன். அங்கன யாரும் கையப் புடிச்சுக் கதற மாட்டாங்க."

"ஆமா, அவிய கை சொறியிறதுக்கே பத்தாது" என்றார் வாப்பா அசன் மைதீன். அதற்கும் அவள் சிரிக்கவில்லை.

ஹமீது பீவிக்கு மகள் முகத்தைப் பார்த்தால் வயிறு எரிந்தது. ஆனால் அந்த எரிச்சலுக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பேட்டையிலிருந்து அலிமா பீவி தன் மகன் அஃப்சலுக்குப் பெண் கேட்டிருந்தாள். நல்ல இடம். ஒரே ஒரு விஷயம்தான், மருமகள் ராத்திரி டூட்டிக்குப் போகக் கூடாது. மகள் வாயிலிருந்து "விட்டுருதேன்" என்ற சொல் விழுந்த அன்றைக்கே, சுளகில் பீடி இலை காய்ந்து கிடக்க, ஹமீது பீவி போனை எடுத்துவிட்டாள்.

"விடுதாளாம் லாத்தா. அவளே சொல்லிட்டா. இனிமே ராத்திரி வேல கெடையாது."

வார்த்தை கொடுத்தாயிற்று. மகளுக்குத் தெரியாது.

இந்த நிலையில்தான் பொம்மை வந்தது.

அவசரப் பிரிவின் பெரிய டாக்டர் பெர்சிஸ், பாளையங்கோட்டைக்காரி. நோயாளி மாதிரியே மூச்சு விடுகிற, முனகுகிற, நாடி அடிக்கிற ஒரு பொம்மையைக் கட்டிலில் போட்டு இளம் டாக்டர்களைப் பழக்குவது அவர் வழக்கம். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் பொத்தானை அமுக்கினால் பொம்மைக்கு வியாதி முற்றும். சொந்தக்காரர்களாக நடிக்க இதுவரை நர்ஸ்களை நிறுத்திப் பார்த்தார். தெரிந்த முகம் அழுததும் டாக்டர்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அதனால் இந்தத் தடவை ஒவ்வொருத்தரும் வீட்டிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவர வேண்டும். ஆனால் அவரவர் வீட்டு ஆள் அவரவர்முன் வர மாட்டார், மாற்றித்தான் விடுவார்கள். ஆபீஸில் பட்டியல் போட்டவரைத் தவிர, யார் வீட்டு ஆள் என்று யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

ஷம்ஸியா அந்தப் பயிற்சிக்குப் போகவே மாட்டேன் என்றுதான் சொன்னாளாம். பெர்சிஸ் விடவில்லை. "தோலுக்குப் போறதுன்னா போ. பொம்மைக்கு முன்னால ஒரு தடவ நின்னுட்டுப் போ. அங்கயும் கை வரலன்னா நானே உன்ன அனுப்பி வைக்கேன்."

ஆக, அன்றைக்குக் காலையில் மகள் முன்னால் போய்விட்டாள். அசன் மைதீன் மார்க்கெட்டில் முதல் லோடு இறக்கிய கையோடு, தோளில் துண்டும் முதுகில் உருளைக்கிழங்கு மண்ணுமாக மொபெட்டில் வந்து பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டார்.

"பொம்மைக்கு நீ பொண்டாட்டியாம்லா?"

"ஆமா."

"நான் உசுரோட இருக்கையிலயேவா?"

"பைய ஓட்டுங்க. இப்படி ஓட்டினா இருக்க மாட்டிய."

அவள் கைப்பையில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது. உம்ரா யாத்திரை போய்வந்த பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த ஜம்ஜம் புனிதத் தண்ணீர். உள்ளே போகுமுன் மகளை ஒரு மிடறு குடிக்கவைக்க நினைத்திருந்தாள். போனால் மகளைக் காணோம். டாக்டர்களையெல்லாம் வேறொரு அறையில் பூட்டாத குறையாக உட்கார வைத்திருந்தார்கள்.

அசன் மைதீனை வராந்தா பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். ஹமீது பீவியை உள்ளே கூட்டிப் போனார் பெர்சிஸ்.

"உங்க பேரு இப்ப பாக்கியவதி. படுத்திருக்கது உங்க வீட்டுக்காரரு நேசையா. வாத்தியாரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. காலைலேருந்து நெஞ்சு வலி. வாய்வுன்னு நெனச்சு சோடா குடிச்சிருக்காரு."

ஹமீது பீவி பொம்மையை எட்டிப் பார்த்தாள். மொட்டைத் தலை, நீலக் கண், பாதி திறந்த வாய்.

"நேசையா மாதிரி இல்லியே டாக்டரம்மா. வெள்ளக்காரன் மாதிரில்லா இருக்காரு."

"சீமைல செஞ்சது. நம்ம ஊருக்கு வந்து ஞானஸ்நானம் வாங்கிட்டாரு" என்றார் பெர்சிஸ். பிறகு குரலை இறக்கினார். "ஒண்ணு மட்டும் முக்கியம். டாக்டர் உள்ள வந்ததும் கையப் புடிச்சுக்கிடணும். அழணும். அவங்களா எடுத்து விடுற வரைக்கும் நீங்க விடக் கூடாது."

ஹமீது பீவி நிமிர்ந்து பார்த்தாள். கையைப் பிடிப்பதா? எந்த டாக்டர் கையை?

"சுஜின்னு ஒரு பையன் வருவான். பயப்படாம புடிங்க."

அவளுக்கு மூச்சு வந்தது. ரீபா என்ற நர்ஸ் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். பெர்சிஸ் கண்ணாடிக்குப் பின்னால் போனார். பொம்மை மூச்சு விட ஆரம்பித்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. ஹமீது பீவி தன்னையறியாமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கீழே நிஜமான கேஸ் வந்துவிட்டது. கங்கைகொண்டான் கம்பெனி வேன் ஒன்று ரோட்டோரம் சரிந்து நாலைந்து பேருக்கு அடி. உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் தையல் போட ஆள் வேண்டும். சுஜினைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"அடுத்த ஆள அனுப்பு" என்று பெர்சிஸ் சொன்னது ஒலிபெருக்கியில் கேட்டது.

கதவு திறந்தது. ஷம்ஸியா.

உம்மாவும் மகளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஷம்ஸியாவின் கால் வாசலிலேயே ஒரு நொடி தயங்கியது. சொல்லிவிடலாம், இவள் என் மகள் என்று. சொன்னால் நிறுத்திவிடுவார்கள். ஹமீது பீவி வாயைத் திறக்கவில்லை. மகளும் திறக்கவில்லை.

"நான் டாக்டர் ஷம்ஸியா. எப்பலேருந்தும்மா வலி?"

பிடிக்க வேண்டும். ஹமீது பீவி மகளின் மணிக்கட்டைத் தொட்டாள். பிடித்தாள் என்று சொல்ல முடியாது, புது வளையல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோலத் தொட்டாள்.

"பாக்கியவதி, சத்தமே கேக்கலியே?" என்றது ஒலிபெருக்கி.

இறுக்கிப் பிடித்தால் பிள்ளை மறுபடியும் நட்ட கம்பாகிவிடுவாள். அவசரப் பிரிவை விட்டுவிடுவாள், பேட்டைக்குக் கொடுத்த வார்த்தை நிற்கும், கல்யாணம் நடக்கும். லேசாகப் பிடித்தால் ஜெயித்துவிடுவாள். ஆனால் அது ஜெயிப்பா? நாளைக்கு எவளோ ஒருத்தி வந்து லேசாகவா பிடிக்கப் போகிறாள்? ஹமீது பீவிக்குத் தனக்கு எது வேண்டுமென்றே தெரியவில்லை.

அப்போது பொம்மை முனகியது. "அம்மா" என்று ஒரு ஆம்பிளைக் குரல். கண் மேலே செருகியது. தலைமாட்டில் இருந்த மானிட்டர் வீல் வீல் என்று கத்தியது. நெஞ்சு ஏறி இறங்குவது நின்றுவிட்டது. பாதி திறந்த வாய் மட்டும் அப்படியே இருந்தது.

அந்த வாயை ஹமீது பீவி முன்னாலேயே பார்த்திருக்கிறாள். அவள் தம்பி நாசர், அரிசி மில்லில் லோடு இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன். வாய்வு என்று எல்லாருமாகச் சோடா கொடுத்தார்கள். ஆட்டோவில் அவள் மடியில் கிடந்தான். கொக்கிரகுளம் தாண்டுமுன் வாய் இப்படித்தான் பாதி திறந்து நின்றது. ஒரு சொட்டு ஜம்ஜம்கூட அவன் தொண்டையில் ஊற்றக் கொடுத்துவைக்கவில்லை என்று இன்றுவரை அவளுக்கு ஆறவில்லை.

"நாசரு! ஏலே நாசரு!"

நேசையா போன இடம் தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய சத்தம் அது. மகளின் கையை இடுக்கி மாதிரிப் பிடித்துவிட்டாள். ரீபா சிஸ்டர் பயந்து ஒரு அடி பின்னால் போனாள்.

ஷம்ஸியா நின்றாள். உதடு வெளுத்துவிட்டது. கை சில்லிட்டது. அதே நட்ட கம்பு.

ஹமீது பீவிக்கு அது தெரிந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. ஒரு கையால் மகளைப் பிடித்தபடியே மறு கையால் கைப்பைக்குள் துழாவினாள். பல்லால் பாட்டிலைத் திறந்தாள். பிஸ்மி சொல்லி, மூடியில் வார்த்து, பொம்மையின் வாயில் ஊற்றினாள். பத்தாது என்று பாட்டிலையே சாய்த்தாள்.

பொம்மைக்குள்ளிருந்து உஸ் என்று ஒரு சத்தம். ஏதோ கருகுகிற வாடை. மானிட்டர் ஒருமுறை மின்னி அணைந்தது.

"தண்ணி ஊத்தாதீங்க!"

ஷம்ஸியாவின் குரல்தான். பாட்டில் பறந்துபோய் மூலையில் விழுந்தது. "நெனவில்லாத ஆளு வாயில ஊத்தினா நேரா நெஞ்சுக்குள்ளல்லா போவும்!"

உம்மாவின் விரல்களைத் தன் மணிக்கட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உதறவில்லை, பிரித்தாள். முகத்துக்கு நேராக முகம் வைத்துச் சொன்னாள்.

"பாக்கியவதியம்மா. உங்க வீட்டுக்காரருக்கு இதயம் நின்னுபோச்சு. நான் அவரப் பாக்கணும். இந்தச் செவரப் புடிச்சுக்கிட்டு இங்கனயே நில்லுங்க. நானும் எங்கயும் போவ மாட்டேன்."

பெற்ற மகள் தன்னை யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஹமீது பீவிக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தக் குரல் யாரோ ஒருத்தியிடம் பேசுகிற குரலாக இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஷம்ஸியா" என்றது ஒலிபெருக்கி. "பொம்மை நெசமாவே போயிருச்சு. மானிட்டர் வராது. நிறுத்திருவோமா?"

"நிறுத்தாதீங்க மேடம். மானிட்டருதான் போச்சு, எனக்கு ஆளு கெடக்காரு."

ஒலிபெருக்கி கரகரத்தது. "சரி, நடத்து. நாடி இல்ல. கரண்டு எதையும் போடாத, என்ன செய்யுதேன்னு வாயால சொல்லு."

ஷம்ஸியா பொம்மையின் தலையை ஒருக்களித்தாள். "ரீபா, வாய்த் தண்ணிய உறிஞ்சு. ம், போதும். நீ அமுக்கு. ஆழமா, வேகமா. கை சோந்தா சொல்லு, நான் மாறிக்கிடுதேன்." தானே தலைமாட்டில் நின்று மூச்சுப் பையை அமுக்கினாள். "மானிட்டர் அணையிறதுக்கு முன்னால இதயம் நடுங்குனதப் பாத்தேன். ஷாக் வேணும். நெஞ்சத் தொடச்சு விடு. ஈரத்தோட குடுக்கக் கூடாது."

அந்த நேரத்தில்தான் கதவு படார் என்று திறந்தது.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த அசன் மைதீனுக்கு எல்லாம் நடிப்பு என்று தெரியும். ஆனால் நாசர் மௌத்தாகிப் போன அன்றைக்குக் கேட்ட அதே அழுகையைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டபின் மனுஷனுக்கு நடிப்பாவது ஒன்றாவது? பெஞ்சு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்.

"ஹமீது! எவம்லே அவ மேல கைய வச்சது?"

"வாப்பா, வெளிய" என்றாள் ஷம்ஸியா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏளா, உம்மா அழுதா..."

"வெளிய நில்லுங்க வாப்பா. கட்டிலத் தொடாதீங்க. ஷாக் குடுக்கப் போறேன்."

மார்க்கெட்டில் லாரிக்காரன்களே சத்தம் போட்டுப் பேசப் பயப்படுகிற ஆள். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வந்த வழியே நுனிக்கால் ஊன்றிப் பைய நடந்து போய், கதவையும் சத்தமில்லாமல் சாத்தினார்.

"எல்லாரும் விலகுங்க. ரீபா, கைய எடு. நான் விலகிட்டேன். குடுத்தாச்சு. திரும்ப அமுக்கு."

ரீபா அமுக்கினாள். ஷம்ஸியா மாறி அமுக்கினாள். நெற்றி வியர்வை பொம்மை மேல் சொட்டியது. பிறகு கழுத்தில் விரல் வைத்து, நாடி பார்க்கிறேன் என்றாள்.

"இருக்கு" என்றது ஒலிபெருக்கி. "பைய அடிக்கி. ஆனா இருக்கு."

ஷம்ஸியா நிமிர்ந்து சுவர்ப் பக்கம் வந்தாள். "பாக்கியவதியம்மா, அவருக்கு நாடி வந்துருச்சு. இன்னும் பயம் தீரல. இனிமேத்தான் வைத்தியமே இருக்கு. ஆனா வந்துருச்சு."

ஹமீது பீவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். பெர்சிஸ் வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "இந்த அம்மா யாரு வீட்டு ஆளு?"

ஷம்ஸியா கையைத் தூக்கினாள்.

"எங்க உம்மா, மேடம்."

"கதவ ஒடைச்சவரு?"

"வாப்பா."

பெர்சிஸ் தலையில் கைவைத்தார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து ஹமீது பீவி பயந்துபோனாள். அழவில்லை, சிரிக்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"என்ன தண்ணிம்மா அது?"

"ஜம்ஜம், டாக்டரம்மா."

"நேசையாவுக்கு ஜம்ஜம்! ஞாயித்துக்கெழம கோயில்ல அவருக்காக நான் என்னன்னு ஜெபம் பண்ண?"

அறையே சிரித்தது. ரீபா சிஸ்டருக்கு விக்கல் வந்துவிட்டது. பெர்சிஸ் மட்டும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"ஷம்ஸியா, ஆரம்பத்துல நின்னுட்ட. நெசத்துல அது பெரிய தப்பு, அத நான் மறைக்க மாட்டேன். அதுக்குப் பொறவு செஞ்சது எல்லாம் சரி. எது உன்ன அசைச்சுது?"

ஷம்ஸியா யோசித்தாள். "தெரியல மேடம். கையப் புடிச்சப்ப, அவங்க அழுகைய நான்தான் நிறுத்தணும்னு தோணுச்சு. எப்படி நிறுத்தன்னு தெரியல. தண்ணிய ஊத்தினதும் நோயாளி ஞாபகம் வந்துட்டு. அவரப் பாத்தாத்தான் இவங்க அழுக நிக்கும்னு வெளங்குச்சு." உம்மா பக்கம் திரும்பி, "அது போவ, இன்னும் கொஞ்ச நேரம் விட்டா உம்மா அவர முக்கியே கொன்னுருப்பாங்க" என்றாள்.

ஒரு வாரத்துக்குப் பின் அவள் பல் தெரிந்தது.

"பொம்மையக் கெடுத்துட்டேனே" என்றாள் ஹமீது பீவி.

"கெடட்டும்" என்றார் பெர்சிஸ். "நாளைக்கு ஒருத்தி நெசமான ஆளு வாயில ஊத்துவா. இவ கை தானாப் போயித் தடுக்கும். அதுக்குத்தான அவன் படுத்துக் கெடக்கான்."

"எங்க தம்பிக்கு நாங்கதான் சோடா குடுத்தோம்" என்றாள் ஹமீது பீவி, யாரையும் பார்க்காமல்.

பெர்சிஸ் அவள் கையைப் பிடித்தார். கொடுக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றும் சொல்லவில்லை, பிழைத்திருக்க மாட்டான் என்றும் சொல்லவில்லை. ஹமீது பீவியும் கேட்கவில்லை.

வாசலில் தலையை நீட்டினார் அசன் மைதீன். "அண்ணாச்சி கட அரிசி மூட்ட ஒண்ணு அனுப்புதேன் டாக்டரம்மா. ரெண்டு நாளு உள்ள பொதச்சு வச்சா ஈரத்த இழுத்துரும். என் செல்போன அப்படித்தான் பொழைக்க வச்சோம்."

மறுபடியும் சிரிப்பு.

ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை. மூன்று பேரும் நின்றார்கள். ஷம்ஸியா ஒரு வடையைத் தின்று, கேட்காமலே தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். ஹமீது பீவி அவள் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உம்மா, நான் தோலுக்குப் போவல. இங்கனயே இருக்கேன். பகல், ராத்திரி எல்லாம்."

"அப்படிப் போடு!" என்றார் அசன் மைதீன். "என்னையே வெளிய போன்னவ. எவனுக்குப் பயப்படணும்?"

ஹமீது பீவி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. அலிமா பீவி.

எடுக்காமல் விடலாம். ஒரு தடவை விட்டால் நாளைக்கும் அடிக்கும். எடுத்தாள்.

"லாத்தா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். அன்னைக்கு நான் ஒரு வார்த்த குடுத்தேம்லா, அத எடுத்துக்கிடுதேன். என் மக வேலைய விடல. ராத்திரியும் போவா. அவள இன்னைக்குக் கண்ணால பாத்தேன். இந்தக் கைய நான் வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டச் சொல்ல மாட்டேன். சம்மதம்னா வாங்க. இல்லன்னா மனக்கசப்பு வேண்டாம்."

"என்ன வார்த்தை உம்மா?" என்றாள் ஷம்ஸியா. மெல்லுவது நின்றுவிட்டது.

ஹமீது பீவி மகளுக்குக் கண்ணாலேயே கெஞ்சினாள். அந்தப் பக்கம் அலிமா பீவி பெருமூச்சு விட்டாள்.

"ஹமீது, ராத்திரி வேல வேண்டாம்னு சொன்னது நான்னா நெனச்ச? எனக்கென்ன. நானும் ஒரு காலத்துல விடிய விடியத் தறி போட்டவதான். சொன்னது அவன். ஏம்லேன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கான். இந்தா பக்கத்துலதான் நிக்கான், நீயே கேளு."

போனுக்குள் ஒரு இளைஞன் தொண்டையைச் செருமினான். ஷம்ஸியா விரலில் இருந்த எண்ணெயை வாப்பாவின் துண்டில் துடைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"கொண்டாங்க, நான் கேக்கேன்."

"ஏளா..."

"கொண்டாங்க உம்மா." போனைக் காதில் வைத்தாள். "ஷம்ஸியா பேசுதேன். ராத்திரின்னா உங்களுக்கு என்ன பயம்?"

அஃப்சல் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். "ரோட்டுலயா? உங்க கண்ணு முன்னாலயா?" என்றாள். ஷம்ஸியா கேட்டுக்கொண்டே கடையை விட்டு நகர்ந்து, ரோட்டோரமாக நடந்து, பஸ் ஸ்டாப் நிழலில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பஸ் வந்து போயிற்று. இன்னொன்றும் வந்து போயிற்று. அவள் தலையை மட்டும் ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்படி என்னத்தளா சொல்லுதான்?" என்றார் அசன் மைதீன்.

"எனக்கு என்ன தெரியும்?" ஹமீது பீவி மகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீங்க இன்னொரு டீ சொல்லுங்க."